நான்கு ஸ்வரங்கள் இசையாகுமா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

விடியோ விளையாட்டுகளின் ஒலி பற்றிய தங்கள் கட்டுரையில், 1978-இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டின் ஒலியைப் பின்னணி இசை என்றே குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீழிறங்கும் நான்கு கனத்த ஒலிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, போகப்போக வேகம் கூடுகிறது, அவ்வளவுதான். அதை எச்சரிக்கை ஒலி எனலாம். 1985-இல் வந்த ‘கிராடியஸ்’ என்ற விண்கல விளையாட்டில்தான் மெட்டு இருக்கிறது. இசை என்ற சொல்லை அதற்கென வைத்துக்கொள்வதே முறை.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கிராடியஸ் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். மிகி ஹிகாஷினோ அதற்கு அமைத்த மெட்டுகளை விளையாட்டை விட்டுப் பிரித்துத் தனியாகவும் கேட்க முடியும், நானும் கேட்பதுண்டு. ஆனால் தனியாகக் கேட்க முடிவதுதான் இசைக்கு இலக்கணம் என்று வைத்துக்கொண்டால், ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நடப்பது நம் காதுக்கு எட்டாமலே போய்விடும்.

டைட்டோ நிறுவனத்தின் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய அந்த விளையாட்டு இயந்திரத்தில், 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இன்டெல் 8080 செயலி (புராசசர்) ஒன்றுதான் இருந்தது. அது ஒலியை உண்டாக்குவதில்லை. ஒலிகளைத் தனி மின்சுற்றுகள் எழுப்பின. நிரலால் செய்ய முடிந்ததெல்லாம் அவற்றை முடுக்குவதும் நிறுத்துவதும் மட்டுமே. நீங்கள் குறிப்பிடும் அந்த நான்கு ஸ்வரங்களும் நிரலைப் பொறுத்தவரை நான்கு பிட்டுகள், அதாவது நான்கு சுவிட்சுகள். மெட்டுப் போட நினைத்திருந்தாலும் அங்கே அதற்கு இடமில்லை. கையில் மிஞ்சியது காலம் மட்டும்தான்: ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது.

மேலிருந்து இறங்கிவரும் எதிரிகளைக் கீழே நின்று சுட்டு வீழ்த்துவதுதான் ஆட்டம். திரையில் வரிசைக்கு 11 பேராக 5 வரிசைகளில் 55 எதிரிகள் நிற்கிறார்கள். வினாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் செயலி ஒரே ஓர் எதிரியை நகர்த்துகிறது. ஆகவே முழுப் படையும் ஓர் அடி எடுத்து வைக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. சுடச்சுட எண்ணிக்கை குறைகிறது, எஞ்சியவர்களின் முறை விரைவில் வருகிறது, கடைசியாக நிற்கும் ஒருவன் பாய்ந்தோடுகிறான். செயலியின் போதாமையால் தானாக விளைந்த இந்த வேகத்தை நிஷிகாடோ கவனித்து, திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒலியின் வேகம் அப்படித் தானாக விளைந்ததில்லை. எத்தனை எதிரிகள் எஞ்சியிருந்தால் ஸ்வரங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதற்கு நிரலுக்குள் தனியாக ஓர் அட்டவணையே இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு இறுக்குவது என்று யோசித்து, படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். காலப்பிரமாணத்தை, அதாவது இசையின் வேகத்தை, இப்படி எண்ணி எண்ணி அமைத்த ஒன்றை இசையமைப்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நம் கச்சேரியில் காலப்பிரமாணம் கைமீறி ஓடினால் அது குறை. இங்கே அந்த ஓட்டமே பாடல், அதை ஓட்டுகிறவர் ஆடுகிறவர். அவர் வீழ்த்தும் எதிரிகளின் கணக்கைப் பார்த்தே இடைவெளி சுருங்குகிறது. அதாவது தன் வெற்றியினாலேயே அவர் தன்னை நெருக்கடிக்குள் தள்ளிக்கொள்கிறார். விழும் குண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு முன்பே காது அதை உணர்ந்துவிடுகிறது. எச்சரிக்கை ஒலி ஆபத்து வந்துவிட்டது என்று சொல்வதோடு முடிந்துவிடும். இந்த ஒலியோ அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கிராடியஸில் நீங்கள் திறமையாக ஆடினாலும் தடுமாறினாலும், விண்கலம் உடையாத வரை அதே மெட்டு அதே வேகத்தில்தான் ஓடும். அது அழகு, ஆனால் வேறு வகை அழகு.

இசைக்கலைஞர்கள் இந்த ஒலிகளை ஒதுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய மின்னணு இசைக்குழு அதே 1978-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலேயே இன்வேடரின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு துண்டு உண்டு. அக்குழுவின் ஹருஓமி ஹொசொனோ 1984-இல் ‘செவியஸ்’ உள்ளிட்ட நாம்கோ நிறுவன விளையாட்டுகளின் ஒலிகளைக் கொண்டே ஒரு முழு ஆல்பத்தைத் தயாரித்தார்.

அடுத்த முறை ஆடும்போது கடைசி எதிரி விழும் இடத்தை மட்டும் கூர்ந்து கேளுங்கள். அதுவரை நெருக்கியடித்துக்கொண்டு வந்த நான்கு ஸ்வரங்களும் சட்டென்று நின்றுபோகின்றன. பிறகு புதிய 55 பேர், முன்னைவிடச் சற்றுத் தாழ்வாக, நமக்கு இன்னும் அருகில் வந்து நிற்கிறார்கள். முதல் ஸ்வரம் மீண்டும் அதே பழைய மெதுவான விளம்பகாலத்தில் தொடங்குகிறது.