ஓரத்துக்குப் போனால் ரோபோ ஏன் தள்ளித் தெரிகிறது?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் 6 சிறு ரோபோக்களை ஓட்டுகிறோம். 3 மீட்டர் உயரத்தில், தரையைப் பார்த்தபடி சாதாரண 720பி வெப்கேம். ஒவ்வொரு ரோபோவின் தலையிலும் 10 செ.மீ. ஏப்ரில்டேக் (கேமரா அடையாளம் காண அச்சிட்ட கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி). நடுவில் இடம் சரியாக வருகிறது. ஓரத்தில் 8, 9 செ.மீ. தள்ளிக் காட்டுகிறது. வேகமாகப் போனால் டேக்கே காணாமல் போகிறது. விலை கூடிய கேமரா வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள்.

ரோபோவின் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. 15 செ.மீ. இருக்கும் என்று நினைக்கிறேன்; கணக்கு அப்படித்தான் வருகிறது. தரையில் நாலு புள்ளி குறித்து, படத்தின் பிக்சலைத் தரையின் தூரத்தோடு பொருத்தி அளவு திருத்தியிருப்பீர்கள். டேக் இருப்பதோ தரைக்கு மேலே. கேமராவிலிருந்து டேக்கைத் தொட்டபடி ஒரு நூலை இழுத்தால், அது ரோபோவைத் தாண்டிப் போய்த்தான் தரையில் முட்டும். மென்பொருள் அந்த இடத்தைத்தான் ரோபோ நிற்கும் இடம் என்கிறது. கேமராவுக்கு நேர் கீழிருந்து 1.7 மீட்டரில் நிற்கும் ரோபோ 1.79 மீட்டரில் தெரியும். உங்கள் 9 செ.மீ. வந்துவிட்டதா?

சந்தேகம் இருந்தால் டேக்கைக் கழற்றி, ரோபோ நின்ற அதே இடத்தில் தரையில் வையுங்கள். இப்போது சரியாகக் காட்டினால் உயரம்தான் காரணம். அப்போதும் தள்ளிக் காட்டினால் லென்ஸின் வளைவு. சதுரங்கக் கட்டத்தை வெவ்வேறு கோணத்தில் பத்துப் பதினைந்து படம் எடுத்து, ஓபன்சிவி என்ற இலவசப் பட மென்பொருள் நூலகத்தில் திருத்திக்கொள்ளலாம்.

உயரக் கோளாறுக்கு வைத்தியம் சுலபம். நாலு டேக்குகளை 15 செ.மீ. உயர அட்டைப்பெட்டிகள் மேல் வைத்து மறுபடி அளவு திருத்துங்கள். ரோபோக்கள் வெவ்வேறு உயரம் என்றால், கேமராவின் நேர் கீழ்ப் புள்ளியிலிருந்து தரைக்கணக்கில் கிடைக்கும் தூரத்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறைக்க வேண்டும். 15 செ.மீ. ரோபோவுக்கு 2.85-ஐ 3-ஆல் வகுத்து, அதாவது 0.95-ஆல் பெருக்கினால் போதும்.

அப்புறம், காணாமல் போகும் டேக். படம் 3.4 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது என்றால் ஒரு பிக்சல் 2.7 மி.மீ.; டேக்கின் ஒரு கட்டம் நாலைந்து பிக்சல்தான். ஆட்டோ எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஒளி வாங்குவது என்று கேமராவே முடிவு செய்வது) 33 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், வினாடிக்கு அரை மீட்டர் போகும் ரோபோ அதற்குள் 16 மி.மீ. நகர்ந்து, ஆறு பிக்சலுக்கு இழுபட்டுவிடும். ஆட்டோவை அணைத்து 10 மில்லிவினாடியில் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். அதனால் 10 வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. இருட்டாகத் தெரிந்தால் இன்னொரு டியூப்லைட் போடுங்கள்.

டேக்கை லேமினேட் செய்யாதீர்கள். விளக்கு அதில் பளிச்சென்று விழுந்து பாதிக் கட்டத்தை அழித்துவிடும். ஒரு மாலை முழுக்க நிரலில் பிழை தேடிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. வெட்டும்போது கறுப்புச் சட்டத்துக்கு வெளியே வெள்ளை ஓரத்தையும் விட்டுவையுங்கள். உங்களிடம் இருப்பது ஏப்ரில்டேக்கின் 36எச்11 வகை என்றால் அதில் 587 குறிகள் உண்டு. ஆறு ரோபோவுக்கு அது எதற்கு? இதே போன்ற இன்னொரு குறியான அரூகோவின் 4×4 வகைக்கு மாறினால் அதே 10 செ.மீ.யில் கட்டம் பெரிதாகும்.