வீட்டு வளவில் நான்கைந்து கோழி வளர்ப்பவர் தீன் தொட்டியையும் தண்ணீர்க் கலத்தையும் தாமே செய்துகொள்ளலாமா?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். நான்கைந்து கோழிகளுக்குக் கடைக் கலங்கள் தேவையா, வீட்டில் கிடக்கும் போத்தல், வாளி, குழாய்த் துண்டு ஆகியவற்றால் செய்தவை போதுமா, கொழும்பின் மழைக்கும் புழுக்கத்துக்கும் அவை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் கடற்கரைக்குக் கிட்டிய ஓர் ஒழுங்கையில், பின்வளவில், ஆறு ஆண்டுகளாக முட்டைக் கோழிகள் வளர்த்து வருகிறேன். எப்போதும் ஐந்துக்கு மேல் வைத்ததில்லை. இதுவரை ஒரு கலத்தைக்கூடக் கடையில் வாங்கவில்லை. ஆனால் நான் செய்தவற்றில் பாதியை நானே தூக்கி எறிந்திருக்கிறேன். எவற்றை, ஏன் எறிந்தேன் என்று சொன்னால் உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகும்.

முதலில் தண்ணீர். ஒரு வேளை தீன் குறைந்தால் கோழி சமாளித்துக்கொள்ளும். ஒரு பகல் முழுவதும் தண்ணீர் இல்லையென்றால் நம் ஊர்ச் சூட்டில் அது தாங்காது. முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். அதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் ஏறிய நாள்களில் அரை லீற்றரையும் எட்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால், அலகைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது; அந்த இரைப்பிலேயே உடலின் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. அதற்குமேல், அது இடும் முட்டையிலும் பெரும்பங்கு தண்ணீர்தான்.

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் பூச்சாடித் தட்டும் சேர்ந்த கலம். போத்தலின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குத் துளையிட்டு, துளையை விரலால் பொத்திக்கொண்டு நீரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகித் தட்டின்மேல் நிறுத்தினால், தட்டில் நீர் துளையின் மேல்விளிம்பு வரை ஏறி நின்றுவிடும். துளை நீருக்குள் மறைந்ததும் போத்தலுக்குள் காற்றுப் புக வழியில்லை. வெளிக்காற்றின் அழுத்தமே உள்ளேயுள்ள நீரைத் தாங்கிப் பிடிக்கிறது. கோழி குடித்து மட்டம் இறங்கும்போது ஒரு குமிழி காற்று உள்ளே போகும், அந்த அளவு நீர் வெளியே வரும். தட்டின் விளிம்பு துளையைவிட உயரமாக இருக்கவேண்டும் என்பதும், போத்தலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மேல் தட்டில் இடம் இருக்கக் கூடாது என்பதும் இதில் முக்கியம். இடம் கூடினால் கோழி உள்ளே இறங்கி நின்று காலைக் கழுவும், அதிலேயே எச்சமிடும்.

இந்தக் கலத்தை நம்பித்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். மூடியின் திருகு தேய்ந்திருந்ததைக் கவனிக்காமல் காலையில் நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மூடி வழியே காற்று நுழைந்ததால் ஐந்து லீற்றரும் ஒரே வீச்சில் தட்டை நிறைத்து நிலத்தில் ஓடிவிட்டன. பின்னேரம் திரும்பி வந்தபோது, ஐந்தும் வாழையடியில் இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி, அலகைப் பிளந்துகொண்டு, தொண்டை துடிக்க நின்றன. தட்டு காய்ந்து கிடந்தது. ஒன்றும் சாகவில்லை, ஆனால் அந்தக் கிழமையே இரண்டு பேடுகள் முட்டையை நிறுத்தின, மீண்டும் தொடங்கப் பத்து நாள்களுக்கு மேல் பிடித்தது. அன்றிலிருந்து எந்தக் கலமானாலும் இரண்டாகவே வைக்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: போத்தலில் வெயில் பட்டால் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து நீரை வெளியே தள்ளும், தட்டு நிரம்பி வழியும். நீரும் சூடாகும், சூடான நீரைக் கோழி அவ்வளவாகக் குடிக்காது. கலம் நாள் முழுவதும் நிழல் விழும் இடத்தில் இருக்கவேண்டும்.

கொழும்பில் திறந்த தட்டுக்கு எதிராக இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஒரு கிழமை, பத்து நாள் போதும். தினமும் நீரைக் கொட்டி மாற்றுகிறேனே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. அந்த நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டவைத்து முட்டையிடுகிறது, அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கெடாமல் இருந்து, மறுபடி நீர் பட்டவுடன் பொரிக்கின்றன. ஆகவே தட்டை வைத்திருப்பவர்கள் அதன் உட்புறத்தைத் தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வளவில் நுளம்பு பெருக இடம்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்ற பயத்தை விட, மதிலுக்கு அப்பால் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது.

அதனால் நான் நிப்பிள் வாளிக்கு, அதாவது கோழி அலகால் கொத்தும்போது மட்டும் நீர்த்துளி விடும் சிறு முனைகளை அடியில் பொருத்திய வாளிக்கு, மாறினேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். பேக்கரிகளுக்கு மாஜரீன் வரும் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ற் வாளி வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் அதன்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கோழித்தீன் விற்கும் கடைகளில் கிடைக்கும் திருகு நிப்பிள்களை, அவற்றின் புரியைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு வாளியின் அடித்தட்டில் பொருத்துங்கள். ஐந்து கோழிக்கு இரண்டு போதும். ஒன்று அடைபட்டாலும் தட்டுப்பாடு வராதபடி நான் மூன்று வைத்திருக்கிறேன். வாளியைக் கூரைச் சட்டத்தில் தொங்கவிடும்போது நிப்பிள் கோழியின் தலைக்குச் சற்று மேலே, அது கால்களை நிலத்தில் ஊன்றியபடியே கழுத்தை நீட்டி எட்டும் உயரத்தில் இருக்கட்டும். போத்தல் கலத்தில் காற்றுப் புகுந்தால் கெடுதி. இங்கேயோ காற்றுப் புகாவிட்டால் நீர் இறங்காது. ஆகவே மூடியில் ஓர் ஊசித்துளை வேண்டும், அதன்மேல் மெல்லிய வலைத்துணித் துண்டொன்றை ஒட்டிவிட வேண்டும்.

தீன் தொட்டிக்கு வருவோம். 110 மில்லிமீற்றர் எஸ்லோன் (பிவிசி) குழாயை நிறுத்தி, அடியில் முழங்கை மூட்டைப் பொருத்தும் முறையைப் பலர் விரும்பிச் செய்கிறார்கள். நானும் ஆமர் வீதியில் குழாய் வாங்கி வந்து செய்தேன். மூன்று நான்கு கிலோ ஒரே தடவையில் கொள்ளும் என்பது அதன் வசதி. அந்த வசதிதான் இந்த ஊரில் அதன் குறையும்கூட. மாவாக வரும் லேயர் மாஷ் நம் ஈரக்காற்றில் குழாய்க்குள் கட்டிப்பட்டு, பாலம் போட்டதுபோல் நடுவில் நின்றுவிடும். மேலே பார்த்தால் நிறையத் தீன் இருக்கும், கீழே வாய் வெறுமையாக இருக்கும். குறுணிகளாக வரும் தீனாயின் இந்தத் தொல்லை குறைவு. மேலும் ஒரு வாயில் ஒரு கோழிதான் தின்ன முடியும் என்பதால், அதிகாரம் செய்யும் கோழி அங்கேயே நின்று மற்றவற்றைக் கொத்தி விரட்டும். என் கூட்டத்தில் கடைசி நிலையிலிருந்த சாம்பல் நிறப் பேடு மெலிந்துபோன பிறகே எனக்கு இது உறைத்தது.

இப்போது அதே குழாயை நீளவாக்கில் பிளந்து தொட்டியாக வைத்திருக்கிறேன். கோழிக்குப் பத்து சென்ரிமீற்றர் இடம் என்று கணக்கிட்டால், இரு பக்கமும் நின்று தின்னும் ஐந்து கோழிகளுக்கு அரை மீற்றர் துண்டு தாராளம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கோழி தின்பதை அருகில் குந்தியிருந்து பாருங்கள்: நேரே கொத்தாது, அலகைத் தீனுக்குள் விட்டு இடமும் வலமும் வீசி, தனக்குப் பிடித்த சோளத் துணுக்கைத் தேடும். விளிம்பு வரை நிரப்பினால் அந்த வீச்சில் தீன் நிலத்துக்குப் போகும், மாலையில் எலி வரும். எலி வந்தால் எலிக்காய்ச்சலுக்கும் பயப்படவேண்டும். விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருந்தால் சிந்துவது வெகுவாகக் குறையும். தொட்டிக்கு மேலே, நீளவாக்கில், தடையில்லாமல் சுழலும் ஒரு தடியைப் பொருத்துங்கள். கோழி ஏறி உட்கார முயன்றால் தடி உருண்டு அதை இறக்கிவிடும். தகரத்தில் செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உப்புக்காற்றில் என் தகரத் தொட்டி ஓராண்டுக்குள் துருவேறி ஓட்டையானது.

கூரை மழைச் சாரலைத் தடுக்கவேண்டும், கம்பி வலை காகத்தைத் தடுக்கவேண்டும். இரவில் மிஞ்சிய தீனை எடுத்து மூடியுள்ள வாளியில் போட்டுவிடுவேன். வாளி சீமெந்துத் தரையில் படாமல் பலகைமேல் இருக்கும். நனைந்த தீனை வெயிலில் காயவைத்து மறுபடி கொடுப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூஞ்சணம் ஒருமுறை பிடித்துவிட்டால் அது விடும் அஃபுளாரொக்சின் நஞ்சு காயவைப்பதால் போகாது, கோழியின் ஈரலைத்தான் முதலில் தாக்கும்.

நிப்பிளுக்குப் பழக்கும்போது முதல் மூன்று நாளும் பழைய சட்டியை அருகிலேயே விட்டுவையுங்கள். காலையில், கோழிகள் தாகத்தோடு கூட்டைவிட்டு வரும் நேரம், நிப்பிளை விரலால் தட்டி ஒரு துளி மின்னும்படி செய்தால், துடுக்கான ஒன்று வந்து கொத்தும். மற்றவை அதைப் பார்த்துப் பழகும். ஐந்தும் நிப்பிளில் குடிப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் சட்டியை எடுங்கள். என்னிடமிருந்த அந்தச் சாம்பல் பேடு பழக ஐந்து நாள் எடுத்தது.