ரீமேப் செய்த கார், விபத்து, நிராகரிக்கப்பட்ட கிளெய்ம்: இனி என்ன செய்வது?

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன் சார். 2021இல் வாங்கிய 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் என்னுடையது. பிப்ரவரியில் நண்பர் சொன்ன ஒரு கடையில் ஈசியூ ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றிப் பலம் கூட்டுவது) செய்தேன். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வேறு டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்), சத்தம் அதிகம் வரும் சைலன்சரும் போட்டேன். ஒன்றரை லட்சம் செலவு, பில் கிடையாது. "வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது, சர்வீஸ் போகும்போது பழைய ஃபைலை ஏற்றித் தருகிறேன்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினார். ஜூனில் இன்சூரன்ஸை ஆன்லைனில் புதுப்பித்தேன். ஆகஸ்டில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது, சர்வீஸ் சென்டரில் ரீமேப்பைக் கண்டுபிடித்து வாரண்டி கிடையாது என்றார்கள். செப்டம்பரில் அவிநாசி சாலையில் குறுக்கே வந்த பைக்கில் மோதி, கார் மீடியனில் ஏறிவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் சைலன்சர் மாற்றத்தைத் தன் அறிக்கையில் குறித்திருக்கிறார். கார் ரிப்பேருக்கு எஸ்டிமேட் 2,85,000 ரூபாய். "அனுமதியில்லாத மாற்றம், எங்களுக்குத் தெரிவிக்கவில்லை" என்று இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை நிராகரித்துவிட்டது. அடிபட்டவரின் உறவினர்கள் 3 லட்சம் கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கடைக்காரரோ, உடனே எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மேல் அநேகமாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அஜாக்கிரதையாக ஓட்டியது), 125(பி) (கொடுங்காயம்) பிரிவுகளில் வழக்கு இருக்கும். அந்த வழக்கில் கார் ஒரு சாட்சிப் பொருள். இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார், சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் படம் எடுத்திருப்பார், ஈசியூவிலேயே எத்தனை முறை ஃபைல் ஏற்றினார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் பதிவாகியிருக்கும். இப்போது பாகங்களை மாற்றினால் மறையப்போவது ஒன்றுமில்லை, தடயத்தை அழித்ததாக 238ஆவது பிரிவையும் சேர்க்க நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகும். இதுவரை உங்கள் பக்கம் இருப்பது சாலை விபத்தும் விதிமீறலும்தான். அந்த அளவிலேயே நிற்கட்டும்.

அடுத்தது அடிபட்டவர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான், ஏனென்றால் நீங்கள் பயத்தில் 3 லட்சத்தைக் கொடுத்துவிடுவீர்கள் போலத் தெரிகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி நிராகரித்தது உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கான கிளெய்மை மட்டும். தேர்டு பார்ட்டி பொறுப்பு, அதாவது உங்கள் காரால் அடிபட்டவருக்கான நஷ்டஈடு, வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு, கம்பெனி என்னென்ன காரணம் சொல்லி நஷ்டஈட்டிலிருந்து விலகலாம் என்று எண்ணி வைத்திருக்கிறது: உரிமம் இல்லாமல் ஓட்டியது, தனியார் வண்டியை வாடகைக்கு விட்டது, பந்தயத்துக்குப் பயன்படுத்தியது, இப்படிச் சில. 'சைலன்சர் மாற்றினார்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு காரணம் இருக்கிறது: முக்கியமான உண்மையை மறைத்து பாலிசி வாங்கியது. நீங்கள் பிப்ரவரியில் காரை மாற்றி, ஜூனில் புதுப்பித்தீர்கள். வரிசை மாறியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கம்பெனியின் வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார். அதனால் ஜூனில் ஆன்லைனில் நிரப்பிய விண்ணப்பத்தை உடனே வாங்குங்கள். 'வண்டியில் மாற்றம் செய்திருக்கிறீர்களா' என்று அதில் கேட்டு, நீங்கள் 'இல்லை' என்று கொடுத்திருந்தால் உங்கள் நிலை பலவீனம். அப்படி ஒரு கேள்வியே இல்லாமல், நோ கிளெய்ம் போனஸை (முந்தைய ஆண்டில் கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி) மட்டும் கேட்டுவிட்டுப் பணம் வாங்கியிருந்தால், வாதாட நல்ல இடம் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். இருந்தாலும் ஒரு கேள்விக்குப் பொய் சொன்னவரும், கேட்கப்படாததைச் சொல்லாமல் விட்டவரும் நீதிமன்றத்தின் பார்வையில் ஒன்றல்ல.

நிலை மோசமானாலும் அடிபட்டவர் வெறுங்கையோடு போகமாட்டார். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிப்படி, பல வழக்குகளில் 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்றுதான் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடுகிறது. அந்த 'பிறகு'தான் உங்களுக்கு ஆபத்து. என்னிடம் வந்த ஒருவர், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நம்பித் தீர்ப்பாயத்துக்கே போகவில்லை. வசூல் உத்தரவு வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நோட்டீஸ் வந்தால் முதல் வாய்தாவிலிருந்து உங்கள் வக்கீல் அங்கே நிற்க வேண்டும்.

அந்த 3 லட்சம்? கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாகச் சொல்வதோ கூடாது என்பது வழக்கமான பாலிசி நிபந்தனை. கொடுத்தால் கம்பெனிக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். கொடுத்த பிறகும் அடிபட்டவர் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அவருடைய மருத்துவச் செலவுக்கு உடனடியாக உதவ நினைத்தால் செய்யுங்கள், செய்ய வேண்டியதும்தான். பணத்தை மருத்துவமனையிலேயே கட்டி, ரசீது வாங்கி, 'மனிதாபிமான உதவி, பொறுப்பை ஒப்புக்கொள்வதல்ல' என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

சரி, உங்கள் 2,85,000. 'அனுமதியில்லாத மாற்றம்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பாலிசியின் எந்த நிபந்தனை, அது எப்படி மீறப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். மாற்றத்துக்கும் விபத்துக்கும் என்ன தொடர்பு என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பைக் குறுக்கே வந்ததுதான் காரணம், நீங்கள் அளவான வேகத்தில் போனீர்கள் என்றால், சைலன்சரும் ரீமேப்பும் அந்த மோதலை உண்டாக்கவில்லை என்று சொல்லலாம். 2010இல் அமலேந்து சாஹு வழக்கில், வாடகைக்கு விட்டதாகச் சொல்லி மறுக்கப்பட்ட ஒரு தனியார் கார் விஷயத்தில், கிளெய்மை அடியோடு மறுக்கக் கூடாது, 'நான்-ஸ்டாண்டர்டு' (நிபந்தனை மீறலுக்காகத் தொகையைக் குறைத்துத் தருவது) அடிப்படையில் ஒரு பகுதியையாவது தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உங்களுக்கும் முழுத்தொகை கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஒரு பகுதிக்குப் போராடலாம்.

ஆனால் எதிர்தரப்பு வக்கீல் கூண்டில் கேட்கப்போகும் கேள்விக்கு இப்போதே தயாராகுங்கள்: "எஞ்சினுக்குப் பலம் கூட்டினீர்களே, பிரேக்குக்கு என்ன செய்தீர்கள்?" ஒரு காரின் பிரேக், டயர், கிளட்ச் எல்லாம் தயாரிப்பாளர் கொடுத்த எஞ்சின் திறனுக்கு ஏற்றபடி அமைந்தவை. ஒன்றை மட்டும் ஏற்றினால் மற்றவை பின்தங்கும். ஆகஸ்டில் வழுக்கிய கிளட்ச் அதற்கு ஓர் உதாரணம். அன்று என்ன வேகம் என்று உங்கள் வக்கீலிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். வேகம் அதிகம் என்றால் வாதமே வேறு மாதிரி அமைய வேண்டும்.

கிளெய்முக்கு முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுத்தார்கள் என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, அவர் தரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. உங்கள் தொகைக்கு முதல் வழியே நல்லது என்பது என் கருத்து.

இனி, மாற்றம் செய்தது குற்றமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ(4)படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரீமேப் வெறும் மென்பொருள்தானே, 52இல் 'மாற்றம்' என்பதற்குச் சொன்ன விளக்கம் வண்டியின் 'அமைப்பில்' செய்யும் மாற்றத்தைத்தானே குறிக்கிறது என்று வாதாடலாம், நானே வாதாடுவேன். கன்வெர்ட்டரை எடுத்ததற்கு மட்டும் என்னிடம் வாதம் இல்லை. பிஎஸ் 6 என்ற புகை மாசு வரம்புக்கு உட்பட்ட கார் அது. கார்பன் மோனாக்சைடைக் குறைக்கத்தான் அந்தப் பாகம் இருக்கிறது. சிக்னலில் உங்களுக்குப் பின்னால் ஆட்டோவில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார். மாசு, சத்தம் இரண்டுக்கும் 190(2) பொருந்தும்: முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பு. தினமும் காரில் வேலைக்குப் போகிறவருக்கு அபராதத்தைவிட அந்த மூன்று மாதம்தான் வலிக்கும்.

கடைக்காரர் தனக்குச் சம்பந்தமில்லை என்று கைகழுவ முடியாது. சட்டத்தின் 2(8) வாகனப் பழுது பார்ப்பவரையும் 'டீலர்' என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் டீலருக்கு 182ஏ(1)இல் ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பழையபடி மாற்றிவிடலாம் என்று அவர் அவசரப்படுவது யாருக்காக என்று யோசியுங்கள். அதற்காக ஒன்றரை லட்சத்தைத் திரும்பப் பெறலாம் என்று நினைக்காதீர்கள். சட்டவிரோதமான வேலையைத் தெரிந்தே செய்யச் சொன்னவருக்கு நீதிமன்றம் எளிதில் உதவாது. 'வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது' என்ற பொய் வாக்குறுதி மட்டும் தனி. அதை நம்பித்தான் செய்தேன் என்று நுகர்வோர் ஆணையத்தில் சொல்லிப் பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அதைச் சாட்சியமாகக் கொடுக்க பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், வக்கீல் தயார் செய்து தருவார்.

கிளட்ச் வாரண்டியை விட்டுவிடுங்கள். பவர் ஸ்டீயரிங், ஏசி போன்ற சம்பந்தமில்லாத பாகங்களுக்கும் நாளைக்கு வாரண்டியை மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அது வேறு வழக்கு.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கார் இருக்கும் நிலையில் எல்லாப் பக்கமும் தேதியோடு படம் எடுங்கள். விபத்தைப் பற்றிக் காவல் நிலையம் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும், அதன் நகலைக் கேளுங்கள். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புவதாகக் காவல் நிலையத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி, ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் வந்த பிறகு, அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் பில்லோடு கன்வெர்ட்டரையும் பழைய மென்பொருளையும் போடுங்கள். கழற்றிய பாகங்களை வீட்டில் பத்திரமாக வையுங்கள். புதிதாக மாசுச் சான்றிதழ் எடுத்து, எல்லா நகல்களையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு காரை ரோட்டில் எடுங்கள்.