கொழும்புக்கு வரும் தம்பிக்கு, டியூஷன் தேடுவதற்கு முன்

தம்பி, ஜூனில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு கொழும்புக்கு மாற்றலாகி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டாவது முடிக்கும் மகனுக்கு வெள்ளவத்தையில் நல்ல டியூஷன் எது, வாடகை எவ்வளவு, மாதச் செலவு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை வந்து நாலு வீடு ஏறி இறங்கித்தான் பார்க்க வேண்டும். நான் இன்று சொல்லும் தொகை நீங்கள் வருவதற்குள் பழசாகிவிடும். செலவும் அப்படித்தான். ஆனால் பள்ளிக்கூடம் முடிவாவதற்கு முன்னாலேயே டியூஷன் தேடுகிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பதைத்துவிட்டது. அதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே 'கிளாஸ்' என்றாலே டியூஷன்தான். பள்ளி பகல் ஒன்றரைக்கு விட்டதும் பிள்ளைகள் யூனிஃபார்மோடே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று கிளாசுக்கு ஓடுவார்கள். அவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சை என்பது நம்மூர் பன்னிரண்டாவதுபோல. அதில் பாடத்துக்குப் பாடம் உள்ள கடினத்தைச் சரிக்கட்டிப் போடும் இசட் புள்ளியை வைத்துத்தான் அரசுப் பல்கலைக்கழக இடம். பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி வரிசைக்கு, 55 சதவீதம் மாவட்ட வாரியாக, மீதி பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி, அதாவது கட்-ஆஃப், எட்டாத உயரத்தில் நிற்கும். அந்தப் பயம்தான் ஆறாம் வகுப்பிலிருந்தே துரத்துகிறது. உங்கள் மகன் பெரும்பாலும் சர்வதேசப் பள்ளியில் 'லண்டன் சிலபஸ்', அதாவது பிரிட்டிஷ் பாடத்திட்டம், படிக்கப் போகிறான். அந்த ஓட்டத்திலேயே இல்லாத பிள்ளையை எதற்கு ஓட விடுகிறீர்கள்?

நான் திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தவள். 2006இல் இங்கே வந்தேன். போர் மறுபடி மூண்ட வருடம். காலி வீதியில் சோதனைச் சாவடிகள், கடைக்குப் போனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். யாரையும் தெரியாத ஊரில் ஒரு கல்வி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீளமான கூடம், பின் பெஞ்சுக்காக ஸ்பீக்கர், மேடையில் நான். ஒரு பெண் எழுந்து சந்தேகம் கேட்டாள். இறங்கிப் போய் அவள் கொப்பியை, அதாவது நோட்டை, பார்த்து விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் நடத்துபவர் கூப்பிட்டு, "டீச்சர், கேள்வி எல்லாம் எடுக்க வேணாம், டியூட்டை முடிச்சுக் குடுங்கோ, பிள்ளையளுக்கு அதுதான் வேணும்" என்றார். டியூட் என்றால் அச்சடித்த குறிப்புக் கட்டு. அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. கேள்வி கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை, தம்பி.

இப்போது வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் தரப் பையன் ஒருவன் வந்தான். ஃபைல் நிறைய டியூட், வரிக்கு வரி மஞ்சள் ஹைலைட்டர். எக்ஸ் கழித்தல் 7 சமன் 12 என்று எழுதிக் கொடுத்தேன். உடனே 19 என்றான். 7 அந்தப் பக்கம் போனதும் ஏன் கூட்டலாகிறது என்று கேட்டேன். "சேர் அப்படித்தான் சொன்னவர்" என்றான். கூட வந்திருந்த தங்கையை உட்கார வைத்து, அவளுக்குச் சொல்லிக்கொடு என்றேன். அவள் விடுவாளா? "போகுது எண்டால் எப்படிப் போகும்? அது இலக்கம்தானே?" பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தவன் கடைசியில், "ரெண்டு பக்கமும் 7 கூட்டுறம், அதால இந்தப் பக்கத்து 7 இல்லாமப் போகுது" என்று எழுதிக் காட்டினான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவனுக்கு டீச்சர் அந்தத் தங்கைதான்.

பவணந்தி முனிவர் நன்னூலில் இதை அன்றே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த சோதனையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்களோ, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். இலங்கையிலும் 2007 பாடத்திட்டச் சீர்திருத்தம் மாணவன் தானே தேடிக் கண்டறிய வேண்டும் என்றுதான் சொன்னது. பரீட்சைப் பயம் அதை விழுங்கிவிட்டது.

பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே படிப்பதை நான் கண்ணால் கண்டது 2022 பொருளாதார நெருக்கடியில். பெட்ரோல் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. டியூட் எங்கிருந்து வரும்? மே மாதம் சாதாரண தரப் பரீட்சை (நம்மூர் பத்தாவது பொதுத் தேர்வுபோல) எழுத வேண்டிய எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் மாடிப்படியில் கூடினார்கள். ஒரு டார்ச், பழைய வினாத்தாள் ஒரு கட்டு. விஞ்ஞானம் தெரிந்தவன் விஞ்ஞானம் சொன்னான், கணக்கு ஓடியவள் கணக்கு சொன்னாள். முட்டிக்கொண்டபோது மட்டும் என் கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவு கஷ்டத்திலும் அந்தப் பிள்ளைகள் படித்ததுபோல் நான் எந்தக் கூடத்திலும் பார்த்ததில்லை.

நம்மூரிலிருந்து வருபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொள்ளுப்பிட்டி அடுக்குமாடியில் ஏறினால் பலர் இறங்குவதே இல்லை. கார், டிரைவர், இந்தியக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு, அதில் எந்த டியூஷன் ஒசத்தி என்ற பேச்சு. சிங்களத்துக்கும் ஆள் வைத்துப் படித்தவர்கள் உண்டு, பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் 'பஹினவா' என்று சொல்ல வாய் வராது. நான் வெள்ளவத்தைச் சந்தையில் படித்தேன். 'மேக்க கீயத' என்று விலை கேட்டுவிட்டு, பதிலில் வந்த எண் புரியாமல் முழிப்பேன். கத்தரிக்காய் விற்ற அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டுவார், நான் திருப்பிச் சொல்லும்வரை காயைத் தர மாட்டார். பதிலுக்கு நான் அவருக்குத் தமிழ் எண்கள் சொன்னேன். இப்போது தமிழ் ஆட்கள் வந்தால் தமிழிலேயே விலை சொல்கிறார். அவருடைய பேத்தி என்னிடம் கணக்குக்கு வருகிறாள்.

ஆகவே முதல் தவணை முழுக்க மகனை எந்தக் கிளாசிலும் சேர்க்காதீர்கள். பள்ளியில் தினம் ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்கள். மாலையில் அன்றைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் உங்களுக்குச் சொல்லட்டும், நீங்கள் மாணவராக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி போடுங்கள். எங்கே திணறுகிறான் என்று தெரிந்த பிறகு, அந்தப் பாடத்துக்கு மட்டும், நாலைந்து பேருக்கு மேல் எடுக்காத ஆசிரியரைத் தேடுவோம். டி.சி., மார்க்‌ஷீட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மூலப் பிரதியாகவே கொண்டு வாருங்கள். அவன் கைப்பட எழுதிய எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டையும் பெட்டியில் வையுங்கள், நான் பார்க்க வேண்டும்.