படத்து எடிஷன்னு வித்த டுகாட்டி, ஸ்டிக்கர் உரிச்சா சாதா வண்டி: காசு திரும்ப வாங்க முடியுமா?

சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அப்பா பால்மரம் வெட்டினவரு, இப்ப தோட்டத்த விட்டு டவுன்ல குடியிருக்காங்க, தம்பிக்கு ஈப்போவுல வேலை. நாலு மாசத்துக்கு முன்ன ஈப்போவுல ஒரு செகண்ட்ஹேண்ட் பைக் கடையில டுகாட்டி மான்ஸ்டர் ஒன்னு 38,000 வெள்ளி கொடுத்து வாங்கியிருக்காரு. ஒரு ஹாலிவுட் படத்துக்காக கம்பெனியே விட்ட லிமிடெட் எடிஷன்னு கடையோட ஃபேஸ்புக் விளம்பரம், டேங்க்ல படத்து லோகோ, ஹேண்டில் கிளாம்ப்ல நம்பர் வெட்டின ஒரு தகடு. போன வாரம் சர்வீசுக்கு விட்டப்ப மெக்கானிக் டேங்க் ஓரத்துல லேசா தூக்கியிருந்த ஸ்டிக்கர நகத்தால கிளறிப் பாத்திருக்காரு, அடியில சாதா சிவப்பு பெயிண்ட். அதே வருஷத்து சாதா மான்ஸ்டர் 27,000 வெள்ளிக்கே கிடைக்குதாம். கடைக்காரர கேட்டா, நீ பாத்துதான வாங்கின, ரீசிட்ல அஸ் இஸ்னு, அதாவது இருக்கற நிலையிலேயே விக்கறதுன்னு போட்டிருக்கு, ரீஃபண்ட் எல்லாம் கிடையாதுன்னுட்டாரு. போலிஸ்ல போனா இது சிவில் விஷயம்னு அனுப்பிட்டாங்க. காசுல பாதி அம்மாவோட இபிஎஃப், வேலைக் காலத்து சேமிப்பு.

தம்பி, அம்மா காசுன்னு படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சு, ஆனா உங்க பக்கம் நல்லா வலுவா இருக்கு, விட்டுடாதீங்க.

மொதல்ல ஒன்ன தெளிவா புரிஞ்சுக்கோங்க. வண்டி நல்லா ஓடுதா, எஞ்சின் சுத்தமா இருக்கா, இதெல்லாம் இந்த வழக்குல கேள்வியே இல்ல. கடைக்காரர் உங்கள அங்கதான் இழுப்பாரு, வண்டியில என்னப்பா குறை, டுகாட்டிதானன்னு. போகாதீங்க. நீங்க காசு கொடுக்கறதுக்கு முன்ன அவரு என்ன சொன்னாரு, கைக்கு வந்தது என்ன, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் உங்க வழக்கு. 1999ஆம் வருஷத்து பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 34ஆவது பிரிவுல, பொருளு சொன்ன விவரத்தோட ஒத்துப்போகணும்னு இருக்கு, 10ஆவது பிரிவு பொய்யான விவரம் சொல்லி விக்கறதையே தடுக்குது. அப்ப அந்த அஸ் இஸ்? அதே சட்டத்துல 6ஆவது பிரிவ படிங்க, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் கொடுக்கற பாதுகாப்ப தட்டிக்கழிக்க முடியாது. ஊர்ல பாதிப் பேரு ரீசிட்ல அந்த வரிய பாத்துட்டு வாய மூடிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வயித்தெரிச்சல்.

இப்ப ஆதாரம். விளம்பரத்த கடைக்காரர் அழிச்சிட்டாருன்னு எழுதியிருக்கீங்க, பரவால்ல, வாட்ஸ்அப்ல அவரு அனுப்பின வாய்ஸ் நோட்ல "ஒரிஜினல் எடிஷன், நம்பர் போட்ட வண்டி"ன்னு சொல்றாருல்ல, அது போதும் போதும்ங்கற அளவுக்கு நல்ல ஆதாரம். அந்த ஃபோன மாத்தாதீங்க, விக்காதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, சாட்ட முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு காப்பி வேற எங்கயாவது வைங்க. மீதி ஸ்டிக்கர உரிச்சுப் பாக்கணும்னு கை துறுதுறுக்கும், உரிக்காதீங்க. வண்டி இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும், நீங்களே மாத்திட்டீங்கன்னா வண்டிய திருப்பிக் கொடுக்கற உரிமைக்கே ஆபத்து வரும். அந்த மெக்கானிக்கிட்ட தேதி போட்டு என்ன பாத்தாருன்னு நாலு வரி எழுதி வாங்கிக்கோங்க.

அடுத்து ஃப்ரேம் நம்பர். ஹேண்டில் கழுத்துப் பக்கம் வெட்டியிருக்கும், கிரான்ல, அதாவது வண்டியோட பதிவுப் பத்திரத்துல இருக்கற சேசிஸ் நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க, ரெண்டும் ஒன்னா இருக்கணும். அத எடுத்துக்கிட்டு டுகாட்டியோட அதிகாரப்பூர்வ டீலர்கிட்ட போயி, இந்த நம்பர் வண்டி கம்பெனியில இருந்து எந்த மாடலா, எந்த கலர்ல வெளிய வந்துச்சுன்னு எழுத்துல கேளுங்க. அந்த லெட்டர் ஒன்னு கையில இருந்தா உங்க வேலை முக்கால்வாசி முடிஞ்சிச்சு. ஏன்னா கம்பெனி படத்துக்குன்னு வண்டி விடறது உண்மையிலயே நடக்கற விஷயம்தான், 2003ல வந்த மேட்ரிக்ஸ் ரீலோடட் படத்து பேர்ல, 998 மாடல கரும்பச்சையில டுகாட்டியே தனி எடிஷனா விட்டிருக்காங்க. அப்படி நெசமா விட்ட வண்டின்னா கம்பெனி ரெக்கார்டுல இருக்கும். கிளாம்ப்ல இருக்கற தகட யாரு வேணா கடையில கொடுத்து வெட்டிக்கலாம், அத ஆதாரமா நம்பாதீங்க. இன்னொன்னு, இத்தாலியில செஞ்ச டுகாட்டி நம்பர் ZDM-ங்கற எழுத்துல ஆரம்பிக்கும், உங்களுது வேற எழுத்துல ஆரம்பிச்சா உடனே டூப்ளிகேட்னு கத்தாதீங்க, ஆசிய மார்க்கெட்டுக்கு தாய்லாந்து ராயோங்ல இருக்கற ஃபேக்டரியிலயும் டுகாட்டி வண்டி பூட்டறாங்க. அது ஏமாத்து இல்ல. தப்பான குத்தச்சாட்டு ஒன்ன வச்சீங்கன்னா சரியான குத்தச்சாட்டும் சேந்து அடிபடும்.

வழக்க எங்க போடறது? பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில திரிபுனல் துந்துத்தான் பெங்குனான்னு சொல்வாங்க. 50,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், உங்க 38,000 உள்ள அடங்குது. ஃபீஸ் 5 வெள்ளி. மூனு வருஷத்துக்குள்ள போடணும், உங்களுக்கு டைம் இருக்கு, ஆனா தள்ளிப் போடாதீங்க, வண்டிய திருப்பிக் கொடுக்கணும்னா நியாயமான காலத்துக்குள்ள கேக்கணும். பொதுவா அங்க ரெண்டு பக்கமும் லாயர் வைக்க முடியாது, அதனால எனக்கோ வேற யாருக்கோ காசு கொடுக்க வேணாம். ஆன்லைன்லயும் போடலாம், இல்ல ஈப்போவுல கேபிடிஎன், அதாவது உள்நாட்டு வாணிப அமைச்சு ஆபீஸ்ல கேளுங்க. போடறதுக்கு முன்னாடி கடைக்கு ஒரு லெட்டர் அனுப்பிடுங்க, 14 நாள் டைம் கொடுத்து, வண்டிய எடுத்துக்கிட்டு 38,000 திருப்பித் தாங்க, இல்லன்னா வித்தியாசம் 11,000 தாங்கன்னு. ஏ.ஆர். ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க.

நிறைய பேரு வழுக்கி விழற இடம் ஒன்னு இருக்கு, கடை பேரு. ஃபேஸ்புக்ல இருக்கற பேரு வேற, போர்டுல இருக்கற பேரு வேற, கம்பெனி பதியற ஆணையமான எஸ்எஸ்எம்ல பதிஞ்சிருக்கற பேரு வேறயா இருக்கும். ரீசிட்ல இருக்கற நம்பர வச்சு எஸ்எஸ்எம்ல தேடி, பதிவான பேர்லதான் கேஸ் போடணும். தப்பான பேர்ல தீர்ப்பு வாங்கினா அத கையில வச்சிக்கிட்டு யாருகிட்ட போயி காசு கேப்பீங்க? வித்தது கடையா இல்லாம தனி ஆளா இருந்தா அந்த மன்றத்துக்கே போக முடியாது, மேஜிஸ்ட்ரேட் கோர்ட்தான், 1950 ஒப்பந்தச் சட்டத்துல பொய் விவரம்னு வாதாடணும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்ல.

போலிஸ்காரங்க சிவில்னு சொன்னாலும் ரிப்போர்ட் காப்பிய பத்திரமா வைங்க, தேதி போட்ட ரெக்கார்டு அது. கேபிடிஎன்ல 2011 வர்த்தக விவரச் சட்டத்துல புகாரும் கொடுக்கலாம், அவங்க விசாரிப்பாங்க, ஆனா அதுல உங்க காசு வராது. கடைக்காரர் படத்த போட்டு திருடன்னு ஃபேஸ்புக்ல போடப்போறேன்னு எழுதியிருக்கீங்களே, தயவுசெஞ்சு வேணாம், அவரு மானநஷ்ட வழக்கு போட்டா நியாயம் உங்க பக்கம் இருந்தும் செலவு உங்க தலையில விழும்.

நீங்க கேக்காத ஒன்னு. உங்களுக்கு பி2 லைசன்ஸ்தான்னு போற போக்குல எழுதியிருக்கீங்க. பி2 250 சிசி வரைக்கும்தான், மான்ஸ்டருக்கு பி ஃபுல் வேணும். அது எடுக்கற வரைக்கும் வண்டிய வெளிய எடுக்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கை விரிச்சிடுவான், அப்புறம் 11,000 வெள்ளி சண்டையெல்லாம் ஒன்னுமே இல்லன்னு ஆயிடும்.

லெட்டர் போனதும் கடைக்காரர் சமாதானம் பேச வருவாரு, பெரும்பாலும் வருவாங்க. பேசுங்க, தப்பில்ல, ஆனா எல்லாம் எழுத்துல இருக்கட்டும், தவணைன்னா தேதியோட. வண்டிய விட்டுட்டுப் போ, காசு அடுத்த வாரம் போடறேன்னா ஒத்துக்காதீங்க. முழுக் காசும் பேங்க்ல விழுந்தப்புறம்தான் ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) பேரு மாத்தக் கையெழுத்து போடணும்.