லாரி கன்வெர்ட்டருக்கு ரெடிமேட் இண்டக்டரா, சுற்றக் கொடுப்பதா?

கேள்வி: லாரியின் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 வோல்ட், 5 ஆம்பியர் தரும் பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) மாதம் 300 செய்கிறோம். ஸ்விட்சிங் 100 கிலோஹெர்ட்ஸ், ஐசியின் கரண்ட் லிமிட் 7.5 ஆம்பியர். அதிலுள்ள இண்டக்டரை (காயிலை) ரெடிமேடாக வாங்கலாமா, வைண்டிங் கடையில் சுற்றக் கொடுக்கலாமா?

பதில்: ரெடிமேடே வாங்குங்கள். ஒரே ஒரு வைண்டிங், வழக்கமான மதிப்பு, மாதம் 300 என்ற அளவில் சுற்றக் கொடுத்து மிச்சமாகும் பணம், ஒவ்வொரு பீஸையும் சோதிக்கும் வேலையிலேயே போய்விடும்.

முதலில் இண்டக்டன்ஸ் மதிப்பு. சார்ஜ் ஆகும்போது லாரி பேட்டரி 28 வோல்ட்டைத் தொடும். கணக்கை அங்கிருந்து போட வேண்டும். ரிப்பிள் (காயில் கரண்டின் ஏற்ற இறக்கம்) 1.5 ஆம்பியர் என வைத்தால் சுமார் 46 மைக்ரோஹென்றி வரும். கடையில் கிடைப்பது 47. உச்ச கரண்ட் ஏறக்குறைய 5.7 ஆம்பியர்.

ஆனால் 6 ஆம்பியர் காயில் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அவுட்புட் ஷார்ட் ஆனால் கரண்ட் ஐசியின் லிமிட் வரை ஏறும். அந்த 7.5 ஆம்பியரிலும், காயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போதும், சாச்சுரேஷன் (கோர் காந்தத்தால் நிரம்பி இண்டக்டன்ஸ் சரிவது) வரக்கூடாது. வந்தால் கரண்ட் ஒரே பாய்ச்சலில் ஏறி, ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். டேட்டாஷீட்டில் 'சாச்சுரேஷன் கரண்ட்' என்பதை ஒரு கம்பெனி இண்டக்டன்ஸ் 10 சதவீதம் குறையும் இடத்தில் அளக்கும், இன்னொன்று 30 சதவீதத்தில். அடிக்குறிப்பைப் படிக்காமல் இரண்டு காயிலை ஒப்பிட முடியாது. சூடு ஏறுவதை வைத்துத் தரும் கரண்ட் ரேட்டிங் வேறு. அதையும் தனியாகப் பாருங்கள்.

உயரம் இடிக்கிறது, பெட்டிக்குள் அடங்கவில்லை என்றால் மட்டும் சுற்றக் கொடுங்கள். ஈஈ25 ஃபெரைட் கோரில் (பரப்பு 52 சதுர மி.மீ.) 7.5 ஆம்பியருக்கு 0.3 டெஸ்லாவைத் தாண்டாமல் இருக்க 23 சுற்று, நடுக்காலைத் தேய்த்து 0.74 மி.மீ. கேப் (இடைவெளி). நடுக்காலைத் தேய்க்காமல் மூன்று கால்களுக்கும் தாள் வைத்தால் தடிமன் அதில் பாதிதான். முழு 0.74-ஐ வைத்தால் இண்டக்டன்ஸ் பாதிக்கு அருகில் விழும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. கம்பி 25 கேஜ், 6 இழை சேர்த்து. வார்னிஷ் ஏறாவிட்டால் லோடு மாறும்போது காயில் கீச்சிடும்.

இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் 47 காட்டினால் போதாது. மீட்டர் தருவது மில்லிஆம்பியர் கரண்ட், சாச்சுரேஷன் அதில் தெரியாது. காயிலுக்கு மாஸ்ஃபெட் வழியாக 12 வோல்ட்டை 30 மைக்ரோசெகண்ட் மட்டும் கொடுங்கள். வரிசையில் 0.05 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஸ்கோப்பில் பாருங்கள். 7.5 ஆம்பியர் வரை கோடு நேராக ஏறினால் காயில் நல்லது. பாதி வழியில் மேல்நோக்கி வளைந்தால் கேப் குறைவு, அல்லது கோரையே மாற்றிவிட்டார்கள். காயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி இதையே திரும்பச் செய்யுங்கள். ஆர்டர் தாளில் இந்தச் சோதனையையும் கோரின் மெட்டீரியல் கிரேடையும் எழுதியே கொடுங்கள்.

எந்தக் காயிலானாலும், லாரி அதிர்வில் இரண்டு காலில் நிற்கும் கனமான காயிலின் சோல்டர் விரிசல் விடும். அடியில் சிலிக்கான் பசை வைத்துப் போர்டோடு ஒட்டுங்கள்.