எந்த வயதானாலும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்

கேள்வி: வீட்டில் கைக்குழந்தை, பள்ளிக்குப் போகும் பிள்ளை, நாற்பதைத் தாண்டிய நாங்கள் இருவர், எழுபது வயது அம்மா என எல்லா வயதிலும் ஆட்கள் இருக்கிறோம். இப்போதைக்கு யாருக்கும் பார்வையில் குறையில்லை. எந்த வயதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

"யாருக்கும் குறையில்லை" என்கிறீர்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சொன்னீர்களா, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துச் சொன்னீர்களா? பார்வையைப் பறிக்கும் நோய்கள் பலவும் முதலில் ஒரு கண்ணில்தான் முற்றுகின்றன. மற்றக் கண் நன்றாக இருக்கும்வரை மூளை அதை வைத்தே சமாளித்துவிடும். ஏதோ தூசி விழுந்து கண்ணைக் கசக்கும்போதுதான், "இந்தக் கண் மங்கலாக இருக்கிறதே" என்று பலருக்கு முதன்முதலாகத் தெரியவருகிறது.

அதனால் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே செய்யட்டும். உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து ஒரு கண்ணை மூடுங்கள். விரலால் கண்ணை அழுத்த வேண்டாம். அழுத்தினால் கையை எடுத்த பிறகும் சிறிது நேரம் மங்கலாகத் தெரியும், சோதனை குழம்பிவிடும். திறந்திருக்கும் கண்ணால் எதிரே உள்ள காலண்டரின் சின்ன எழுத்தையும், கதவுச் சட்டத்தின் நேர்கோட்டையும் பாருங்கள். பிறகு மறு கண். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட அதுவே போதுமான காரணம்.

கைக்குழந்தையால் இதைச் சொல்ல முடியாது, நாம்தான் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் ஒரு கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கரிய வட்டம்) சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். படம் எடுத்த கோணத்தாலும் அப்படித் தெரியலாம்தான். ஆனால் பிறவிக் கண்புரை, விழித்திரைப் புற்று இரண்டும் இப்படித்தான் தலைகாட்டும். பிறவிப் புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் முதல் 6 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது. பார்க்கக் கற்றுக்கொள்ளும் மூளை அதற்கு மேல் காத்திருக்காது. குறைமாதக் குழந்தைக்கு வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், பிறந்த ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். முதல் மூன்று மாதம் கண் அவ்வப்போது விலகி ஓடுவது சகஜம். நான்கு மாதத்துக்குப் பிறகும் ஓடினால் அது மாறுகண். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

பள்ளி வயதில் நான் அதிகம் அஞ்சுவது சோம்பேறிக் கண்ணைத்தான். ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, அந்தக் கண் அனுப்பும் மங்கிய படத்தை மூளை ஒதுக்கிவிடும். குழந்தை புகார் சொல்லாது, மற்றக் கண்ணால் எல்லாம் தெரிகிறதே! வீட்டில் கண்டுபிடிக்க ஒரு வழி: விளையாட்டாக ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். ஒரு பக்கம் மூடினால் சும்மா இருந்து, மறு பக்கம் மூடினால் கையைத் தட்டிவிட்டு அழுதால், நீங்கள் மூடியது நல்ல கண். மூன்று வயதிலிருந்து நான்கு வயதுக்குள், புகார் இல்லாவிட்டாலும், ஒரு முழுப் பரிசோதனை தேவை. ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். கண்ணாடியோடு, நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடச் சொல்வார்கள். மிதமான குறைக்குத் தினம் 2 மணி நேரம், கடுமையானதற்கு 6 மணி நேரம்வரை. துணியைக் கண்ணாடியின்மேல் ஒட்டினால் பிள்ளை பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிடும். தோலின்மேல் ஒட்டினால்தான் பலன்.

கிட்டப்பார்வை என்பது கண் பந்து நீண்டுபோவது. 1 மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை மைனஸ் பவர் கூடும். மைனஸ் 6ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை கழன்றுகொள்ளும் அபாயமும் கூடுகிறது. இதைத் தடுக்கக் கையில் இருக்கும் எளிய வழி, தினம் 2 மணி நேரம் வெளியே, பகல் வெளிச்சத்தில். அங்கே என்ன விளையாடினாலும் சரி. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று குறைந்த பவரைக் கொடுக்காதீர்கள், அது வளர்ச்சியை நிறுத்தாது. பவர் வேகமாக ஏறினால் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, அதற்கென்றே உள்ள லென்ஸ்கள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

திரை பார்த்துக் கண் எரிகிறது என்றால் பெரும்பாலும் அது கண் சிமிட்டாததால் வரும் வறட்சி. நிமிடத்துக்குப் 15 முறை சிமிட்டும் கண், திரை முன்னால் அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கை நீளத்தில் வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்த்து, முழுதாகச் சிமிட்டுங்கள். நீல ஒளி வடிகட்டும் கண்ணாடிக்குச் செலவு செய்யத் தேவையில்லை. கான்டாக்ட் லென்ஸில் தண்ணீர் படவே கூடாது, அதோடு தூங்கவும் கூடாது. கண் சிவந்தால் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அது வலியே இல்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றி, கண் நரம்பைக் கெடுக்கும்.

இனி உங்கள் இருவருக்கும். நாற்பதைத் தாண்டியதும் புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்க வைக்கும் வெள்ளெழுத்து, கண்ணின் லென்ஸ் இறுகுவதால் வருவது, எல்லோருக்கும் வரும். கடையில் பிளஸ் 1 கண்ணாடி எடுத்துப் போட்டால் எழுத்து தெளிந்துவிடும். பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, தப்பித்துப் போகிறது. ஓரப் பார்வையிலிருந்து மெல்ல அரிக்கும் நோய் அது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும் என்பதால், நான் மேலே சொன்ன காலண்டர் சோதனைகூட இதைக் காட்டாது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காக்க முடியும். கண் அழுத்தம் 10 முதல் 21 வரை (மில்லிமீட்டர் பாதரச அளவில்) இயல்பு என்றாலும், அந்த எல்லைக்குள்ளேயே நரம்பு கெடுபவர்களும் உண்டு. எனவே அழுத்தம் மட்டும் பார்த்தால் போதாது, "நரம்பையும் பாருங்கள்" என்று கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இதற்குச் சொட்டு மருந்து கொடுத்தால் போடும் முறை முக்கியம். கீழ் இமையை இழுத்து, அந்தக் குழியில் ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்துங்கள். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. முதலில் போட்டதைப் பின்னது கழுவிவிடக் கூடாது.

சர்க்கரை நோய் இரண்டாம் வகை என்றால் கண்டுபிடித்த அன்றே விழித்திரைப் பரிசோதனைக்கும் நாள் குறியுங்கள். சர்க்கரை பல ஆண்டுகளாகவே ஒளிந்திருந்திருக்கலாம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. பாப்பாவை விரிக்கும் சொட்டு போடுவதால் சில மணி நேரம் மங்கலும் கூச்சமும் இருக்கும், அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

அம்மா ஒருநாள், "இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது" என்று மகிழ்ந்து சொன்னால், புரை கெட்டிப்பட்டுக் கிட்டப்பார்வையை உண்டாக்கியிருக்கிறது என்று எண்ணிப் பரிசோதிக்கக் கூட்டிப் போங்கள். புரையைக் கரைக்கும் சொட்டு எதுவும் கிடையாது. முற்றட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகும்போதே அறுவை செய்யலாம். மிகவும் முற்றினால் அறுவை கடினமாகும், கண் அழுத்தமும் ஏறும். கதவுச் சட்டம் ஒரு கண்ணுக்கு நெளிந்தோ நடுவில் கறை படிந்தோ தெரிந்தால், அது விழித்திரையின் மையம் கெடுவதாக இருக்கலாம். ஊசி மருந்துக்கு நாள் கணக்கு முக்கியம், அந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.

சில விஷயங்கள் விடியும்வரைகூடக் காத்திருக்காது. திடீரென மின்னல் வெட்டுவதுபோல ஒளி, கொத்தாகக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல நிழல். வலியில்லாமல் ஒரு கண் சட்டென இருள்வது. கடும் கண்வலியோடு வாந்தியும் விளக்கைச் சுற்றி வளையமும். சுண்ணாம்போ அமிலமோ கண்ணில் பட்டால் முதலில் அங்கேயே, குழாயடியில், இமையை விரித்துப் பிடித்து 30 நிமிடமாவது கழுவுங்கள். துகள் இமைக்குள் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் எடுங்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.